ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சத்தம்

சத்தத்தைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சம் கிடையாது. கடகட, மடமட, படபட, சலசல, கரகர, லொடலொட. பள்ளிக்கூடத்தில் இவற்றை இரட்டைக்கிளவி என்று படித்தோம். பிரித்தால் பொருள் தராது, இரண்டாக நின்றால்தான் சொல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. இன்னொரு பக்கம் ஒற்றையாக வருகிறவை: டங்கென்று, சடக்கென்று, படாரென்று, தொப்பென்று. ஒரு தடவைதான் நடக்கிறது, ஒரு தடவை சொன்னால் போதும்.

லாரிப் பட்டறையில் இந்த வேறுபாடு வெறும் இலக்கணமாக நின்றுவிடுவதில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மாதிரி சத்தம்?" என்பதுதான். கடகடன்னு வருது என்றால் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருக்கிறது. தேய்ந்த பேரிங், பல் போன கியர், லூசான தகடு என்று தேடலாம். டங்குன்னு வருது என்றால் ஏதோ ஒன்று ஒரே ஒரு தடவை நகர்ந்து எதிலோ போய் முட்டியிருக்கிறது. இங்கே தேட வேண்டியது ஒரு பொருளை அல்ல, இரண்டை. நகர்ந்தது எது, அது முட்டியது எதில்?

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் வீட்டின் மகள். அந்த லாரியின் டியூ, இன்சூரன்ஸ், எஃப்சி, டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாம் என் நோட்டில்தான் இருக்கும். படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் ஒரே இடத்தில் வந்து நின்றது 2023 மார்கழியில். புது வண்டி ரோட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

*

சேலம் கோவை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சங்ககிரி என்றால் மலைக்கோட்டை. உள்ளூர்க்காரர்களுக்கு லாரி. திருச்செங்கோட்டுக்கு ரிக் வண்டி, நாமக்கல்லுக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள், கரூருக்குப் பஸ் பாடி, எங்களுக்கு லாரி என்று இந்த வட்டாரமே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயம். லாரி என்பது கார் மாதிரி முழுதாகக் கடையில் வாங்கி ஓட்டிக்கொண்டு வருகிற பொருள் அல்ல. பெரும்பாலும் நாம் வாங்குவது சேஸ். இன்ஜின், கியர் பாக்ஸ், சக்கரங்கள், கேபின், அதன் பின்னால் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள். அந்தச் சட்டங்களின் மேல் லோடு ஏற்றுகிற பாடியைத் தனியாக ஒரு பட்டறையில் கட்ட வேண்டும். மரம், இரும்பு, தகடு, பெயிண்ட், முன்னால் சாமி பெயர் எல்லாம் அங்கேதான். ஆக, ஒரு புது லாரிக்கு இரண்டு பிறந்த வீடு. இந்தச் சத்தத்தின் கதையில் அது முக்கியம்.

எங்கள் பழைய வண்டி 2008 மாடல். அதை விற்று, கடன் வாங்கி, 10 சக்கர வண்டி எடுத்தோம். 2018இல் அச்சு எடை விதிகளை மாற்றிய பிறகு இந்த வகை வண்டிக்கு மொத்த எடை வரம்பு 28.5 டன். மாதம் 64,000 ரூபாய் டியூ. ஒவ்வொரு 10ஆம் தேதியும் வங்கிக் கணக்கில் பணம் இருந்தாக வேண்டும். வண்டி நின்றால் அந்தப் பணம் வராது. கடனில் எடுத்த வண்டி ஓரமாக நின்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஓட்டுவது அப்பா. அவருக்கு அப்போது 61 வயது. 1984இல் ஸ்டீயரிங் பிடித்தவர்.

*

மார்கழி முதல் வாரம். காலை ஐந்தரை மணிக்குச் செட்டிலிருந்து வண்டியை எடுத்தவர், இன்ஜினை ஓடவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"அம்மிணி, ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சத்தம் வருது."

"என்ன மாதிரிங்கப்பா?"

"டங்குன்னு. ஒரே தடவை."

மறுநாள் நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சாவியைத் திருப்பினால் எங்கேயோ ஒரு ரிலே டக்கென்கிறது. ராத்திரி முழுக்க நின்றதில் பிரேக்குக்கான ஏர் குறைந்திருந்தால் எச்சரிக்கை பஸ்ஸர் கத்துகிறது. செல்ப் மோட்டார் கிர்ரென்று இழுக்கிறது. இன்ஜின் பிடிக்கிறது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் தனியாக ஒரு டங் எனக்குக் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"எனக்கும் காதுல கேக்கல கண்ணு. கால்ல கேக்குது" என்றார்.

புது வண்டியில் கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ப் எடுக்கும். மிதித்திருக்கும் இடது காலில் அந்த டங் வந்து தட்டுகிறதாம். அப்பாவுக்குக் காது மந்தமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. போனில் பேசினால் "என்னது, என்னது" என்று இரண்டு தடவை கேட்பார். அதனால் அவர் காலில் கேட்கிறது என்று சொன்னது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நோட்டில் எழுதினேன்: காலை 5.40. முதல் ஸ்டார்ட். எனக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்குக் காலில் தெரிந்தது.

ஐந்து நாள் இப்படி எழுதியதில் ஒன்று தெளிவானது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினால் மட்டும்தான் அது வருகிறது. டீ குடிக்க நிறுத்தி மறுபடி எடுத்தால் வராது. லோடு இருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒன்றுதான்.

*

வாரண்டியில் இருக்கிற வண்டி. வெளியே யாரும் கை வைக்கக் கூடாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். எந்தச் சென்டர் என்பது இங்கே தேவையில்லை. எந்தச் சென்டராக இருந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கும்.

சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் அடித்தான். ஜாப் கார்டு கையில் வந்தது. புகார் என்ற இடத்தில் இருந்தது: ஸ்டார்ட்டர் நாய்ஸ்.

அப்பா சொன்னது "ஸ்டார்ட் பண்றப்ப சத்தம்". அவன் எழுதியது "ஸ்டார்ட்டர் சத்தம்". ஒரு எழுத்து, இரண்டு எழுத்து வித்தியாசம். ஆனால் நன்னூல் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல் ஆறு வகை. அப்பா சொன்னது காலம். கார்டில் ஏறியது சினை, அதாவது ஓர் உறுப்பின் பெயர். எப்போது என்று சொன்ன வாக்கியம் எது என்று மாறிவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து கார்டைப் பார்த்த ஒவ்வொருவரும் செல்ப் மோட்டாரைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டிய 24 வோல்ட் வண்டி அது. செல்ப் அடிக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பேட்டரி பலவீனமாக இருந்தால், அல்லது சேஸில் எர்த் சரியாகப் பிடிக்காமல் இருந்தால், டக்டக்டக்டக் என்று வரும். அதுவும் இரட்டைக்கிளவிதான். செல்ப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் பிளைவீலின் பல்லில் சரியாகப் பொருந்தாமல் உரசினால் கறகற என்று வரும். அதுவும் இல்லை. ஸ்கேனர் போட்டார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை.

ஸ்கேனரைக் குறை சொல்வது எளிது. பழைய ஆட்கள் பலர் சொல்வார்கள். ஆனால் அது பொய் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் எரிபொருளின் அழுத்தம், டர்போவின் காற்று, புகையின் வெப்பம், புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வரை அளக்க சென்சார்கள் இருக்கின்றன. அவை அளக்கிற விஷயங்களில் ஒன்றும் தப்பு இல்லை என்று ஸ்கேனர் சொன்னது, அது உண்மையும்கூட. இரும்பும் இரும்பும் முட்டுவதைக் கேட்பதற்கு அந்த இடத்தில் யாரும் சென்சார் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டருக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. அவர்கள் எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணியும் சத்தம் வரவில்லை. அப்பாவும் "இப்ப வரல" என்றார். அட்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பெரியவருக்குக் காது கொஞ்சம் சரியில்லீங்களா?"

அப்பா ஐந்தடி தள்ளி நின்றார். அது அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

நாலு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போனால் செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிறோம், தேவைப்பட்டால் கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச்சையும் பார்த்துவிடலாம் என்றார்கள். மார்கழி 10 நெருங்கவில்லை, ஆனால் ஜனவரி 10 நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். வழி முழுக்க அப்பா பேசவில்லை.

*

பழைய வண்டிக்குப் பதினாலு வருஷம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"வாரண்டி வண்டி. நான் ஸ்பேனர் எடுக்க மாட்டேன். வேணும்னா கேள்வி கேக்கறேன்" என்றார். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

ஒரு தடவையா, பல தடவையா? ஒரு தடவை.

ஆறின வண்டியிலயா, சூட்டுலயா? ஆறினதுல மட்டும்.

செல்ப் சுத்த ஆரம்பிக்கறப்பவா, சுத்திட்டு இருக்கறப்பவா, இன்ஜின் பிடிக்கறப்பவா? அப்பா கண்ணை மூடி, இடது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிடிக்கறப்ப."

"சரிங் மாமா, இதையேதான் நான் அஞ்சு நாளா எழுதி வெச்சிருக்கேன்" என்று நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு இல்லயே. ஆஃப் பண்றப்ப வருதா?"

யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. வண்டியை ஆஃப் பண்ணுவது ஓடி முடித்த பிறகு, சூடாக இருக்கும்போது. ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணுகிறவர் யார்?

"நாளைக்குக் காலைல பண்ணிப் பாருங்க. இன்ஜின் பிடிச்சு, ரெண்டு நொடி. உடனே ஆஃப். ஒரே தடவை போதும்."

மறுநாள் விடியற்காலை. பனி. செட்டு லைட்டில் கேபினுக்குள் அப்பாவின் முகம் தெரிந்தது. ஸ்டார்ட் ஆனது. ஆஃப் ஆனது. அமைதியில் அவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார். ஸ்டார்ட்டில் ஒன்று. ஆஃப்பில் ஒன்று. ஆஃப் ஆகும்போது பஸ்ஸர், செல்ப் எதுவும் இல்லாததால் இந்தத் தடவை எனக்கும் கேட்டது. கோயில் மணியைத் துணியால் மூடி அடித்த மாதிரி மழுங்கலாக ஒரு டங்.

போனில் சொன்னேன். மாமா சிரித்தார். "செல்ப் மோட்டார் ஆஃப் பண்றப்ப சுத்துமா?"

சுத்தாது. கிளட்ச்சும் அங்கே ஒன்றும் செய்வதில்லை. ஒரே கேள்வியில், இறக்கவிருந்த இரண்டு பெரிய உறுப்புகளும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டன.

*

ஸ்டார்ட்டிலும் ஆஃப்பிலும் மட்டும் என்ன நடக்கிறது என்பதை மாமா சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

இன்ஜின் சேஸில் நேராக முடுக்கப்பட்டிருப்பதில்லை. ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள ஒரு பொருள் ரப்பர் மேல் இருந்தால் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது போல. ஊஞ்சலை அதன் வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயரமாகப் போகும். ஒத்து வராமல் வேகவேகமாகத் தள்ளினால் பேசாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும். செல்ப் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 150, 200 சுற்று சுற்றுகிறது. ஐடிலிங்கில் 600 சுற்றுப் பக்கம். ரப்பர் மவுண்டிங்கின் ஆட்ட வேகம் ஐடிலிங்குக்குக் கீழே விழும்படிதான் அமைக்கிறார்கள், ஓடும்போது ஆடாமல் இருப்பதற்காக. ஆனால் பூஜ்யத்திலிருந்து 600க்கு ஏறும்போதும், 600இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதும் அந்த வேகத்தைக் கடந்துதானே ஆக வேண்டும்? கடக்கிற அந்த நொடியில் இன்ஜின் ஒரு தடவை தோளைக் குலுக்கும். காலையில், குளிரில், சிலிண்டர்கள் ஒழுங்காகப் பற்றிக்கொள்ள அரை நொடி தாமதமாகும்போது குலுக்கல் இன்னும் பெரிதாக இருக்கும்.

குலுங்குவது கோளாறு இல்லை. எல்லா இன்ஜினும் குலுங்கும். கேள்வி, குலுங்கும்போது எது எதில் முட்டுகிறது என்பது.

இதற்கு என் போன் உதவியது. அதில் ஒரு நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க வசதி இருக்கிறது. ஒரு நொடி எட்டு நொடியாக நீளும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் சேஸ் மேல் போனைக் கட்டி, டார்ச் லைட்டைப் பக்கத்தில் கட்டி, நான் விலகி நின்றபின் அப்பா ஸ்டார்ட் பண்ணினார். முதல் நாள் படத்தில் வெறும் கியர் பாக்ஸ் மூடி. இரண்டாம் நாள் கோணத்தை மாற்றினேன். மூன்றாம் நாள் கிடைத்தது.

டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய் இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிறது. அதன் பிறகு ஒரு நெளிவுக்குழாய் இருக்கிறது. இன்ஜினின் ஆட்டத்தை அது வாங்கிக்கொள்வதால் அதற்குப் பின்னால் உள்ள சைலன்சர் பெட்டி ஆடாமல் நிற்கிறது. நெளிவுக்குழாய்க்கு முன்னால் ஒரு கிளாம்ப். வீடியோவில் அந்தக் கிளாம்ப் மெதுவாக ஒரு விரல் அகலத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, சேஸ் சட்டத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டின் நுனியில் போய் முட்டித் திரும்பியது. முட்டிய இடத்தில் துரு கொஞ்சம் பொடியாக உதிர்ந்தது தெரிந்தது.

ஆறிய வண்டியில் பார்த்தோம். போல்ட் நுனி மட்டும் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. கிளாம்ப்பின் காதில் ஒரு சின்னப் பள்ளம். மூன்று ஆக்சா பிளேடைச் சேர்த்து நுழைக்கிற அளவுதான் இடைவெளி. சூட்டில் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. இரும்புக்குழாய் சூட்டில் நீளும். ஒரு மீட்டர் குழாய் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அவ்வளவு நகர்ந்தாலே கிளாம்ப்பின் காது போல்ட் நுனியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு குலுங்கினாலும் முட்டாது. பதினொரு மணிக்குச் சர்வீஸ் சென்டரில் அந்தச் சத்தம் வருவதற்கு வழியே இல்லை. அப்பாவின் காதுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

*

அந்த போல்ட் எதற்காக அங்கே வந்தது? கேபினுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் வைக்க ஓர் ஆங்கிள் வேண்டும் என்று பாடிப் பட்டறையில் கேட்டிருந்தோம். சேஸில் ஏற்கெனவே இருந்த ஓட்டையில் ஆங்கிளை வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். நட்டுக்கு வெளியே போல்ட் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டரில் வீடியோவைக் காட்டினேன். அட்வைசர் இரண்டு தடவை பார்த்தான், பிறகு பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினான். "இது பாடிக்காரங்க வேலைங்க, எங்க வாரண்டில வராது" என்றார்கள். பாடிப் பட்டறை மேஸ்திரி கொஞ்ச நேரம் போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருவது வருஷமா இதே இடத்துல இதே போல்ட்தானுங்க போடறோம். இங்கத்த எதுவுமே இருக்காதே" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. பழைய சேஸில் அந்த இடம் காலிதான். பிஎஸ்-6 வந்த பிறகு புகையைச் சுத்தம் பண்ணும் பெட்டி, அதற்குப் போகும் பெரிய குழாய், யூரியாக் கரைசல் டேங்க், அதன் பம்ப் எல்லாம் சேஸ் சட்டத்தை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டன. மேஸ்திரியின் கைக்குப் பழக்கமான இடத்தில் இப்போது வேறொருவர் குடியிருக்கிறார். சேஸ் செய்கிறவர்கள் பாடி கட்டுகிறவர்களுக்கென்று வழிகாட்டிப் புத்தகம் போடுவதுண்டு. அது பட்டறைத் தரை வரைக்கும், மேஸ்திரிக்குப் புரிகிற மொழியில் வந்து சேருவது வேறு விஷயம். இரண்டு பிறந்த வீட்டுக்கும் நடுவில், யார் பொறுப்பிலும் இல்லாத மூன்று ஆக்சா பிளேடு இடைவெளியில் அந்தச் சத்தம் பிறந்திருந்தது.

மேஸ்திரி போல்ட்டைக் கழற்றிச் சின்ன போல்ட் போட்டார். பத்து நிமிடம். காசு வாங்கவில்லை. அன்றைக்கே பட்டறையில் வேலைக்கு நின்றிருந்த இன்னொரு வண்டியிலும் குனிந்து பார்த்தார். கிளாம்ப்பைப் புதிதாக மாற்றச் சொல்லி நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். அப்படியே விட்டிருந்தால் நாளாக ஆகக் கிளாம்ப் தேய்ந்து சூட்டுப் புகை அந்த இடத்தில் கசிந்திருக்கும். பக்கத்தில்தான் வயர்களும் ஏர் ஹோஸும் போகின்றன. அப்போது ஸ்கேனரிலும் ஏதாவது பதிவாகியிருக்கும்.

*

தப்பான பெயரில் பதிவான புகார் தப்பான இடத்தைத்தான் திறக்க வைக்கும். லாரிக்கு மட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் "சாப்பிட்டா வலிக்குது" என்று சொன்னது "வயித்து வலி" என்று சீட்டில் ஏறும்போதும் இதுதான் நடக்கிறது. எப்போது என்று சொல்கிறவரிடம் எது என்று கேட்டு அவசரப்படுத்துகிறோம். எது என்பது தெரிந்திருந்தால் அவர் ஏன் நம்மிடம் வருகிறார்? எனக்கு இதில் பிடித்தது மாமாவின் கேள்விகள். ஒன்றுகூட உறுப்பின் பெயரைக் கேட்கவில்லை. எத்தனை தடவை, எந்த நிலையில், எந்த நொடியில், வேறு எப்போது. எல்லாம் காலமும் எண்ணும்தான்.

அட்வைசர் கேட்ட கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பிப்ரவரியில் அவராகவே, "லைசென்ஸ் புதுப்பிக்கற வருஷம், காதையும் ஒருக்கா பாத்துரலாமா அம்மிணி" என்றார். கனரக வண்டி லைசென்ஸுக்கு மருத்துவர் தரும் படிவத்தில் காது பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஹாரன் போன்ற சாதாரண ஒலிகள் கேட்கிறதா என்பது. அதில் சிக்கல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது பரிசோதனைத் தாளைத்தான் எங்களிடம் விரித்து வைத்தார். கோடு இடப்பக்கத்தில், தாழ்ந்த ஒலிகளில், ஏறக்குறைய நேராகப் போகிறது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. இரைச்சலில் பல வருஷம் இருந்த காதுக்கு அந்த இடத்தில்தான் முதலில் அடி விழும் என்றார். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. வலது காது இன்னும் மோசம். வலப்பக்கம்தான் டிரைவர் சன்னல்.

பேச்சில் உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில் இருக்கும், ச, ஸ போன்ற மெய்களின் ஓசை உயர்ந்த பகுதியில் இருக்கும். அதனால்தான் யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது தெரிவதில்லை. போல்ட்டில் கிளாம்ப் முட்டிய டங் தாழ்ந்த ஒலி. அது அவருடைய காலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

காது மெஷின் வாங்கினோம். வேண்டா வெறுப்பாகத்தான் மாட்டினார். முதல் நாள் அதோடு வண்டியில் ஏறி, ஸ்டார்ட் பண்ணி, ஏர் ஏறும் வரை காத்திருந்து, செட்டிலிருந்து ரோட்டுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டவர் அப்படியே பிரேக்கை மிதித்து நிறுத்தினார். சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மிணி, டேஷ்போர்டுக்குள்ள என்னமோ அடிக்குது. வந்து கேளு."

ஏறிப் போய்க் கேட்டேன்.

"இண்டிகேட்டருங்கப்பா."

"இத்தன நாளா அடிச்சுட்டா இருந்துச்சு?"

"மொத நாள்ல இருந்துங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினார். நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்: டிக்டிக். இரட்டித்து வரும். இண்டிகேட்டர் போட்டால் மட்டும். கோளாறு இல்லை.